லாராச்சி அடுப்பின் வயது

சால்டா
9 மார்ச் 1996

அன்புள்ள இலாரியோன் அண்ணா,

இந்த அகால நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் என் கையைத் திட்டாதே, கண்ணைத் திட்டு. மணி ஒன்றரை. ஒதீலியா இப்போதுதான் அசந்தாள். ஐந்து மாதக் குழந்தைக்கு இவ்வளவு இருமல் எங்கிருந்து வருகிறதோ. பயப்பட ஒன்றுமில்லை என்கிறார் மருத்துவர். அவர் அப்படிச் சொன்ன நாளிலிருந்துதான் எனக்குப் பயமே. இவள் அப்பா எலாதியோ இன்னும் தெற்கே எண்ணெய்க் கிணற்று வேலையில் இருக்கிறார். பகலில் அருங்காட்சியக வேலை, ராத்திரியில் இவள்.

உன் முதுகு எப்படியிருக்கிறது? அண்ணிக்கு வாந்தி நின்றதா? செப்டம்பர் என்று அவளாகவே கணக்குப் போட்டிருக்கிறாளே, யாரிடமாவது காட்டினீர்களா? லாராச்சியில் மழை எத்தனை நாள் பெய்தது? எண்ணைச் சொல். போன வருடம் மாதிரி "போதுமான அளவு" என்று எழுதாதே.

விஷயம் இதுதான். கீழே சான் ரோமான் ஊர்மன்றம் பன்னிரண்டு வீட்டு மனைகள் ஒதுக்குகிறது. உன்னைப் போல மேட்டில் லாமா மந்தை வைத்துக்கொண்டு தண்ணீர் வற்றி நிற்கிற குடும்பங்களுக்கு. வீட்டுக்கு ஒரு குழாய். பக்கத்திலேயே சுகாதார நிலையம். குடும்பத் தலைவன் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். ஜூன் இருபத்தெட்டு கடைசி நாள். உனக்குப் பதிலாக நான் போடலாமா என்று செயலாளரிடம் தொலைபேசியில் கேட்டேன்.

"நீங்க அவருக்கு யாரும்மா?"

"தங்கச்சி."

"தங்கச்சி கையெழுத்துல அண்ணன் குடியிருக்க முடியாதும்மா" என்று வைத்துவிட்டார்.

வந்து போட்டுவிட்டுப் போ அண்ணா. குடியேறுவதைப் பிறகு பார்க்கலாம். இப்போதைக்குக் கையெழுத்து மட்டும்.

பேராசிரியர் அராவோஸ் நம் குகையில் தோண்டினாரே ஓர் அடுப்புக்குழி, அதன் கரியை வயது கணிக்க வெளிநாட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. பொட்டலம் கட்டியது நான்தான். நம் கரி விமானத்தில் போகிறது. நான் இன்னும் ஏறினதில்லை.

பங்கிராசியோவின் லாரியில் வெங்காயமும் அண்ணிக்கு இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்துவிடுகிறேன். மாத்திரையை நீ வாங்கி வைக்காதே.

உன் தங்கை
ரொசெந்தா


லாராச்சி
27 மார்ச்

தங்கச்சி ரொசெந்தாவுக்கு,

வெங்காயம் வந்தது. மாத்திரையை உன் அண்ணி கையிலேயே கொடுத்தேன். "எனக்கு மறந்துரும், நீங்களே வெச்சுக்கங்க" என்று என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். வாந்தி நின்றுவிட்டது. இப்போது என்னைத் தவிர மற்ற எல்லாமே அவளுக்குப் பிடிக்கிறது. என் முதுகு இருக்கிறது, அதனால் வலிக்கிறது. மருமகளுக்கு இருமல் நின்றதா? நெஞ்சில் லாமாக் கொழுப்பைச் சூடாக்கித் தடவு. மருத்துவரிடம் சொல்லாதே.

மழை நான்கு நாள். எண் கேட்டாய், சொல்லிவிட்டேன். சதுப்பின் மூன்று ஊற்றுக்கண்ணில் மேலே இருக்கிற இரண்டும் மூடிவிட்டன. மூன்றாவது கசிகிறது. நூற்று நாற்பது லாமாவும் வரிசையில் நின்று குடிக்கப் பழகிவிட்டன. சான் ரோமான் ஜனங்களுக்கு இன்னும் வராத பழக்கம்.

மனை பத்துக்கு இருபது மீட்டராம். பங்கிராசியோவிடம் கேட்டேன், "அதுல மந்தைய எங்கடா கட்டுறது?" என்று. "குழாய்ல கட்டு" என்றான். அந்தக் குழாயும் மூன்று நாளுக்கு ஒரு தடவைதான் இருமுமாம். இங்கே கசிகிறதை விட்டுவிட்டு அங்கே இருமுகிறதை நம்பி வரச் சொல்கிறாய்.

உன் பேராசிரியர் மூன்று வாரம் தங்கினார். எட்டு வட்டு ஆட்டுப் பாலாடைக்கட்டியைத் தின்றார். கடைசியில் ஒரு கைப்பிடி கரியை எடுத்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போனார். கரிதான் வேண்டுமென்றால் என்னிடமே கேட்டிருக்கலாம்.

கவலைப்படுவதைக் குறை. உடம்பைப் பார்த்துக்கொள்.

இலாரியோன்


சால்டா
7 மே

அன்புள்ள அண்ணா,

கொழுப்பைத் தடவினேன். மருத்துவரிடம் சொல்லவில்லை. ஒதீலியாவுக்கு இருமல் குறைந்து பல் முளைக்கிறது, ஆக தூங்காததற்கு வேறு காரணம் வந்துவிட்டது. நீங்கள் இருவரும் குளிருக்கு என்ன செய்கிறீர்கள்? அண்ணி பாரம் தூக்காமல் இருக்கிறாளா?

முடிவு வந்துவிட்டது. நம் குகை அடுப்பின் கரிக்கு ஆறாயிரம் வயது.

அதனால் என்ன என்று கேட்பாய். எட்டாயிரம் வருடத்துக்கு முன்வரை நம் மேட்டில் வேட்டையாடிகள் இருந்தார்கள். ஏரிகளில் தண்ணீர் இருந்தது. பிறகு வெப்பம் ஏறியது, மழை நின்றது, ஏரிகள் உப்புத் தட்டுகளாயின, ஆட்கள் போய்விட்டார்கள். அதன்பின் ஏறக்குறைய நாலாயிரம் வருடத்துக்கு எங்கே தோண்டினாலும் வெறும் மணல்தான் வருகிறது. கல்லூரியில் அந்தக் காலத்தை மௌனம் என்றே எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். அந்த மௌனத்துக்கு நட்டநடுவில் லாராச்சியில் யாரோ அடுப்பு மூட்டியிருக்கிறார்கள்.

அராவோஸ் எழுந்து வந்து என் கன்னத்தில் முத்தமிட்டார். "ஒருத்தன் தங்கியிருக்கான்மா! எல்லாரும் போனப்புறம் ஒருத்தன் மட்டும் தங்கியிருக்கான்!" அதையே அன்று முழுக்க ஒவ்வொரு அறையாகப் போய்ச் சொன்னார். தரை பெருக்குகிறவரிடம்கூடச் சொன்னார். அவர், "பாவம், தனியாவா?" என்று கேட்டாராம்.

இந்த அடுப்பால் என் வேலையை டிசம்பர் வரை நீட்டியிருக்கிறார்கள். ஜூன் இருபத்தெட்டை மறக்காதே அண்ணா. ஒரு கையெழுத்து.

ரொசெந்தா


லாராச்சி
22 மே

ரொசெந்தாவுக்கு,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். உன் அண்ணி கிரெசென்சியாவுக்கு இரண்டு தடவை உரக்கப் படித்துக் காட்டினேன். இரண்டாம் தடவை அவள் தூங்கிவிட்டாள், ஆனால் நிம்மதியாகத் தூங்கினாள். மருமகள் பல்லுக்கு என் வாழ்த்து.

அந்த ஆளுக்குப் பெரியப்பா என்று பெயர் வைத்துவிட்டேன். எல்லாரும் மூட்டை கட்டிக்கொண்டு போகிறார்கள், பெரியப்பா மட்டும், "நீங்க போங்க, நான் அப்புறமா வர்றேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்கு அவரை நன்றாகத் தெரியும் போலிருக்கிறது. குகையில் அந்தக் குழி இருந்த இடத்தில் கோக்கா இலை நாலும் கொஞ்சம் சாராயமும் வைத்துவிட்டு வந்தேன்.

போன வாரம் சான் ரோமானுக்குப் போனேன். கடைக்காரியிடம் சொன்னேன். "ஆறாயிரம் வருஷமா? அப்ப உங்க குடும்பத்துல பிடிவாதம் புதுசில்லன்னு சொல்லு" என்றாள். நீ சொன்னபடி மன்றத்து வாசல்வரை போனேன். வரிசையில் ஒன்பது பேர் நின்றார்கள். எல்லாரையும் தெரியும். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டே நின்றார்கள். எனக்கு முடியவில்லை. திரும்பிவிட்டேன்.

அந்தக் குகை ஆளுக்குக் குழாய் இல்லை, மாத்திரை இல்லை, படித்த தங்கச்சியும் இல்லை. தங்கினான். நானும் இருந்து பார்க்கிறேன்.

குளிர் இந்த வருடம் முந்திக்கொண்டது. விறகுக்குத் தோலாப் புதர் இப்போது அரை நாள் நடையில்தான் கிடைக்கிறது. ஆனாலும் அடுப்பு அணையவில்லை.

இலாரியோன்


சால்டா
4 ஜூன்

அண்ணா,

வாசல்வரை போய்த் திரும்பினாய் என்று படித்ததும் கடிதத்தை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுத் துணி துவைக்கப் போய்விட்டேன். பிறகுதான் மீதியைப் படித்தேன். நாங்கள் இருக்கிறோம். அண்ணிக்குக் கால் வீங்குகிறதா? வீங்கினால் உடனே எழுது.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். உறையைப் பிரித்ததும் ஒதீலியா தும்மினாள். நான் தாளை முகர்ந்து பார்த்தேன். அது தோலா விறகின் புகையில்லை. வேர்க்கட்டிப் புகை. செத்த புல்லும் வேரும் சதுப்புக்கு அடியில் அடுக்கடுக்காகப் படிந்து இறுகிக் கிடக்குமே, ஓடை அரித்த பழைய கரையிலிருந்து அப்பா கறுப்புக் கட்டியாக வெட்டி வந்து போடுவாரே, அதன் புகை. பள்ளிக்கூடத்தில் என் சட்டையை முகர்ந்துவிட்டுத் தள்ளி உட்கார்வார்கள். எனக்கா அது தெரியாது? அந்தக் கரை தீர்ந்து பன்னிரண்டு வருடமாகிறது. நீ எங்கே வெட்டுகிறாய்?

புழுக்கையை எரி. அது போதாதென்றால் கீழே வாருங்கள். சதுப்பில் மட்டும் கைவைக்காதே. அந்த மண்தான் தண்ணீரைப் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது.

இன்னொன்றும் எழுத வேண்டும். உன் கடிதம் வந்த பிறகு, நேற்று மிச்சக் கரி இருந்த பெட்டியைத் திறந்து

ஒதீலியா அழுகிறாள். அது ஒன்றும் அவசரமில்லை, அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

ரொசெந்தா


லாராச்சி
12 ஜூன்

ரொசெந்தாவுக்கு,

நலம். கால் வீக்கம் இல்லை. உனக்கு அரசாங்கம் சம்பளம் கொடுப்பது தபாலை முகர்வதற்கா? எரிப்பது தோலாதான். காற்று மாறி அடித்திருக்கும்.

கரிப் பெட்டியைத் திறந்து என்று எழுதிவிட்டு அப்படியே நிறுத்திவிட்டாய். திறந்து என்ன? பெரியப்பாவுக்கு வயது கூடிவிட்டதா, குறைந்துவிட்டதா? உன் அண்ணி தினமும் கேட்கிறாள், "போய்க் கையெழுத்துப் போட்டா கை தேஞ்சா போயிரும்?" என்று. ரொசெந்தாவின் அடுத்த கடிதம் வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன். இருபத்தேழாம் தேதி வியாழன் லாரி வரும். மறுநாள்தான் கடைசி நாள். நீ எழுதுவதைப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன். விடியலில் நடக்கத் தொடங்கினால் மன்றம் மூடுவதற்குள் போய்விடலாம்.

இலாரியோன்


லாராச்சி
17 ஜூலை

ரொசெந்தாவுக்கு அண்ணி எழுதுவது.

குழந்தைக்கு என்னவோ ஏதோ என்று பயந்துகொண்டு எழுதுகிறேன். ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒன்றுமில்லை. எனக்குக் கால் வீங்கியிருக்கிறது. ஏப்ரலிலிருந்தே வீங்கியிருக்கிறது. உன் அண்ணன் எழுதமாட்டார், அதனால் நான் எழுதுகிறேன்.

இருபத்தேழாம் தேதி காலையிலேயே போய் லாரி திரும்பும் வளைவில் நின்றார். பங்கிராசியோ தலையை நீட்டி, "இல்ல இலாரியோன், இன்னிக்கு உனக்கு வெங்காயம்கூட இல்ல" என்றானாம். வீட்டுக்கு வந்து காலணியைக் கழற்றினார். "எழுதலன்னா மாத்தம் ஒண்ணும் இல்லன்னுதானே அர்த்தம்" என்றார். மறுநாள் விடியலில் நான் அவரை எழுப்பவில்லை. அது என் தப்பு.

தோலா என்று உனக்குப் பொய் எழுதினார். மே மாதத்திலிருந்து மூன்றாம் ஊற்றுக்கண் பக்கத்தில்தான் வெட்டுகிறார். மேலே இருக்கும் பச்சைப் புல்லைத் தோல் மாதிரி உரித்து ஓரமாகப் போடுவார், பிறகு அடியில் கறுப்பாக இருப்பதை வெட்டுவார். புழுக்கை சமைக்கவே போதவில்லை. தின்றால்தானே லாமா போடும்? "வயித்துல புள்ளைய வெச்சுக்கிட்டு நீ குளிர்ல கெடக்கணுமா?" என்கிறார். எனக்காகத்தான் வெட்டுகிறார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. குழி இப்போது என் இடுப்பளவு. போன வாரம் ஒரு சினை லாமா அதில் சறுக்கிக் கால் ஒடிந்தது. உப்புக்கண்டம் போட்டாயிற்று. ஊற்றும் முன்போல வருவதில்லை, காலையில் வைத்த வாளி மதியம்தான் நிறைகிறது.

நேற்று கேட்டேன், "உங்க பெரியப்பா என்னத்த எரிச்சாராம்?" என்று. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நான் கீழே போக வேண்டும் ரொசெந்தா. நீ படித்தவள். உண்மை எதுவானாலும் எழுது.

கிரெசென்சியா


சால்டா
30 ஜூலை

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

குழந்தைக்கு ஒன்றுமில்லை. எனக்கும் ஒன்றுமில்லை. நான் எழுதாததற்குக் காரணம் உடம்பில்லை.

அண்ணா, ஜூன் மூன்றாம் தேதி உன் கடிதத்தின் புகை மூக்கில் இருக்கும்போதே மிச்சக் கரியை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தேன். விறகுக் கரியென்றால் அதில் மரத்தின் வரி தெரியும். இதில் வரியே இல்லை. நூல்நூலாக வேர். அது வேர்க்கட்டி. அராவோஸ் நகரத்துக்காரர், அவர் வீட்டில் யாரும் அதை எரித்ததில்லை. எல்லாரும் விறகு என்றே நினைத்துவிட்டார்கள். அதைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்திருக்க வேண்டிய ஒரே ஆள் நான். நானும் அதைப் பார்க்காமல் பொட்டலம் கட்டி அனுப்பியிருக்கிறேன்.

கரியின் வயது, புல் செத்த நாளைத்தான் சொல்லும். தீ மூட்டிய நாளைச் சொல்லாது. ஆறாயிரம் வருடத்துக்கு முன் செத்த புல்லை யாரோ பிறகு வெட்டிக் கொண்டுபோய் எரித்திருக்கிறார்கள். காற்றுக்குப் பயந்து முழங்கை ஆழம் குழி தோண்டித்தானே நாம் அடுப்பு மூட்டுவோம், அதனால் அடியில் கிடந்தது. அந்தத் தீயை அப்பா மூட்டியிருக்கலாம். ஆலங்கட்டி மழையன்று நீயும் நானும் ஒதுங்கிக் கிழங்கு சுட்டோமே, அதாகவும் இருக்கலாம்.

யாரும் தங்கவில்லை அண்ணா. தங்கினான் என்று உனக்கு எழுதியது நான். இல்லையென்று தெரிந்தும் எழுதாமல் இருந்தவளும் நான். அடுப்பு போனால் என் வேலையும் போகும். எலாதியோ அனுப்புவது வாடகைக்கே சரியாகிறது. இரண்டு கடிதம் எழுதிக் கிழித்தேன். நீ ஒரு வார்த்தைக்காகக் காத்திருக்கிறாய் என்று தெரியும். ஜூன் இருபத்தெட்டு மாலை ஐந்து மணிவரை அருங்காட்சியகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

நேற்று அராவோஸிடம் சொன்னேன்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"ரெண்டு மாசமா, சார்."

"ஏன்மா சொல்லல?"

"எங்க வீட்டு அடுப்பும் எரியணுமே சார்."

கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். "கட்டுரை அச்சுக்குப் போயிருச்சு. நிறுத்திடுறேன். அதோட உன் வேலையும் நிக்கும், தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"நல்ல அடுப்பும்மா அது" என்றார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

ஆகஸ்டு கடைசியோடு வேலை முடிகிறது. மனைகள் பன்னிரண்டும் போய்விட்டன, கேட்டுவிட்டேன். நம்மிடம் இருப்பது என் ஒரே அறைதான். அண்ணியை முதலில் அனுப்பு. என்னைத் திட்ட வேண்டுமென்றால் நேரில் வந்து திட்டு.

ரொசெந்தா


லாராச்சி
14 ஆகஸ்டு

ரொசெந்தாவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். உன் மேல் எட்டு நாள் கோபமாக இருந்தேன். பிறகு தீர்ந்துவிட்டது. இப்போதெல்லாம் என்னிடம் எதுவும் ரொம்ப நாள் நிற்பதில்லை.

உன் கடிதம் முதல் தேதி வந்தது. பூமிக்குச் சோறு போடும் நாள். வழக்கம்போல் கிரெசென்சியா சூப்பு, சோளம், உப்புக்கண்டம் எல்லாம் சமைத்திருந்தாள். பட்டியில் குழி திறந்து ஊட்ட மண்வெட்டியை எடுத்தேன். "எதுக்கு இன்னொண்ணு? அங்கதான் வாயத் தொறந்துகிட்டுக் கெடக்கே" என்றாள். சிரிப்பதற்காகத்தான் சொன்னாள். இரண்டு பேரும் சிரிக்கவில்லை. சட்டியைத் தூக்கிக்கொண்டு ஊற்றுக்கண் குழிக்குப் போனோம். சூப்பை ஊற்றினால் உள்ளே இறங்கவே இல்லை. அடியில் பனிக்கட்டி. மேலேயே நின்று உறைந்துவிட்டது.

நீ எழுதியதை அங்கேயே உட்கார்ந்து யோசித்தேன். ஆறாயிரம் வருடத்துக்கு முன் செத்த புல் என்றால், அப்போது இங்கே புல் இருந்திருக்கிறது. ஏரியெல்லாம் வற்றிய காலத்தில் நம் ஊற்று வற்றவில்லை. தண்ணீர் இருந்தது, ஆள் இல்லை. முதலில் எனக்கு இது சாதகம் என்றுதான் பட்டது, உனக்கு நறுக்கென்று பதில் எழுத நினைத்தேன். பிறகு குழிக்குள் இறங்கி நின்றேன். வெட்டிய சுவரில் ஒவ்வொரு படிவும் காகிதம் மாதிரி தெரிகிறது. நகத்தால் எண்ணிப் பார்த்தேன். ஒரு கட்டியில் எண்ணி முடியவில்லை. ஒரு தடவை தேநீர் போட ஒரு கட்டி.

எல்லாரும் ஏன் போனார்கள் என்று உன் பேராசிரியருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் என்னைப் போல ஒருத்தன் தங்கிக் குளிர்காய்ந்திருந்தால் அப்பா வெட்டுவதற்கு ஒரு கட்டியும் மிஞ்சியிருக்காது.

அன்றோடு வெட்டுவதை நிறுத்திவிட்டேன். கிரெசென்சியா அடுத்த வாரம் லாரி திரும்பும்போது வருகிறாள். லாமாக்களை, போடுகிற குட்டியில் பாதி அவர்களுக்கு என்ற பேச்சில், மூன்று பேரிடம் மேய்க்க விட்டுவிட்டேன். ஆறு என்னோடு இருக்கின்றன. உரித்துப் போட்டதையெல்லாம் திருப்பிக் குழியில் அடுக்கிவிட்டு நானும் வருகிறேன். மழை வருவதற்குள் மூட வேண்டும். புழுக்கையில் தேநீர் காயும், அது போதும்.

அவளுக்குக் கால் வீங்கியிருக்கிறது. முன்பே எழுதியிருக்க வேண்டும்.

இலாரியோன்


சால்டா
17 செப்டம்பர்

அன்புள்ள அண்ணா,

பெண் குழந்தை. பதினோராம் தேதி காலையில் பிறந்தாள். இரண்டு கிலோ நானூறு. சின்னவள்தான், ஆனால் குரல் உன் குரல். அண்ணிக்கு வீக்கம் வடிகிறது. ஒரே கட்டிலில் மூன்று பேர் படுக்கிறோம், ஒதீலியா பெட்டியில். அவள் அழுதால் இவள் அழுகிறாள், இரண்டு பேரும் ஓய்ந்தால் நாங்கள் இரண்டு பேரும் அழுகிறோம். நானும் வேலையில்லாமல் வீட்டோடுதான் இருக்கிறேன், அதனால் ஆளுக்கு ஒன்றாகத் தூக்கி வைத்துக்கொள்ள முடிகிறது. நீ எப்படி இருக்கிறாய்?

அண்ணி வந்த பிறகு மூன்று லாரி வந்துவிட்டன. ஒன்றிலும் நீ இல்லை, கடிதமும் இல்லை. முதல் வாரம் பங்கிராசியோ சொன்னான், "குழிக்குள்ள நின்னு அடுக்கிக்கிட்டிருக்கான். வர்றியான்னேன். இன்னும் கொஞ்சம்னான்." இரண்டாம் வாரமும் அதேதான், கை மட்டும் காட்டினாயாம். போன வாரம் நான் லாரி நிற்கும் இடத்துக்கே போய்க் கேட்டேன். "எறங்கிப் பாக்க நேரமில்லம்மா. ஆள் கண்ணுல படல. கூரையில பொகையும் இல்ல. புழுக்கைப் பொகை அவ்வளவு தெரியாதுல்ல" என்றான். கடைசி வார்த்தையை என் முகத்தைப் பார்த்த பிறகு சேர்த்துக்கொண்டான். அண்ணியிடம் முதல் வாரத்துப் பதிலையே மறுபடி சொல்லியிருக்கிறேன். அவள் நம்பவில்லை, நம்பியதாகக் காட்டிக்கொள்கிறாள்.

இனி உன்னிடம் எதையும் மறைப்பதில்லை என்று வைத்திருக்கிறேன், அதனால் இதையும் எழுதிவிடுகிறேன். கல்லூரியில் தாவரம் படித்தவர் ஒருவரிடம் கேட்டேன். வெட்டிக் காய வைத்த கறுப்புக் கட்டியைத் திரும்ப அடுக்கினால் அது ஒட்டாது, தண்ணீரையும் பிடிக்காது. அதோடு மல்லுக்கட்டாதே. மேலே உரித்துப் போட்ட பச்சைத் தோல், வேர் சாகாமல் இருந்தால், ஈரம் படுகிற இடத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்றார். உறுதியாகச் சொல்லவில்லை. கொஞ்சம் பிடிக்கும் என்றார். ஆகையால் பச்சையை மட்டும் ஊற்றுக்குப் பக்கத்தில் பரப்பிவிட்டு விடு. அது மூன்று நாள் வேலை, மூன்று மாத வேலையில்லை. மீதிக் குழி திறந்தே கிடக்கட்டும். அதை மூட உன்னால் முடியாது. யாராலும் முடியாது.

குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. பதிவு செய்ய அப்பா வர வேண்டும் என்கிறார்கள். அங்கேயும் தங்கச்சி கையெழுத்து செல்லாதாம்.

இருபத்துநான்காம் தேதி எலாதியோ வருகிறார். குழந்தைகளையும் அண்ணியையும் அவரிடம் விட்டுவிட்டு மறுநாள் புறப்படும் லாரியில் நான் ஏறுகிறேன், பங்கிராசியோவிடம் இடம் சொல்லிவிட்டேன். அதற்கு முன்னால் இந்தக் கடிதம் வியாழக்கிழமை உனக்குக் கிடைக்கும். வளைவுக்கு வந்து நீயே அவன் கையிலிருந்து வாங்கிக்கொள். அவனை அங்கேயே நிற்க வைத்து, தாளின் பின்பக்கத்தில் ஒரு வரி எழுதிக் கொடுத்தனுப்பு. பெயரைப் பற்றி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, என்னைத் திட்டுகிற வரியானாலும் பரவாயில்லை.

சீக்கிரம் பதில் போடு அண்ணா.

ரொசெந்தா